கிழக்குக் கிடங்கில் வந்த கடல்

சிவமயம்

வெள்ளவத்தை,
28.6.1961

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மருதவெளிக் காய்ச்சல் இந்த வருடமாவது நம் வீட்டு வாசலை மிதிக்காமல் போகட்டும்.

பரந்தன் ஸ்டேசனில் நீங்கள் ஏற்றிவிட்ட கோதுமை மாப்பைகள் இரண்டும் வந்து சேர்ந்தன. கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் பையைத் தூக்கிய போர்ட்டர் உள்ளே என்ன என்று கேட்டான். மண் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஊரிலிருந்து மாம்பழம் வரும், பனங்கிழங்கு வரும், மண் வரவழைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பைகளைத் தைத்த மச்சாளுக்கு என் நன்றி. ஒரு பொட்டு மண்கூடச் சிந்தவில்லை.

உங்கள் குடியேற்றத்துக்கு அரசாங்கம் தருவது ஒரே ஒரு பொதுக்கிணறு. அதை மேற்கு வாய்க்கால் குடியிருப்பில் வெட்டுவதா, கிழக்கு வாய்க்கால் குடியிருப்பில் வெட்டுவதா என்று இஞ்சினியர் முழித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு இடத்திலும் கிடங்கு வெட்டி அடிமண்ணை என் ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொன்னவள் நான். ஆகவே அவசரமாகப் பார்த்து முடித்தேன். மண்ணைச் சலவைச்சோடா போட்டு அவித்து, துணியிலும் நெருக்கமான அரிதட்டில் கழுவினால் களியெல்லாம் ஓடிப்போய் ஒரு கரண்டி பொடி மிஞ்சும். அதைக் காயவைத்துக் கறுப்புத் தட்டில் தூவி நுணுக்குக்காட்டியில் பார்க்கிறோம். பொடிக்குள் கடுகிலும் சிறிய சிப்பி ஓடுகள் இருக்கும். ஒரே உயிரணு உள்ள கடற்பிராணிகள் தமக்குக் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. பொராமினிபெரா என்று பெயர். வாய் உளைந்தால் பொடிச்சிப்பி என்று சொல்லுங்கள்.

எந்தச் சிப்பி எந்தக் கடலில் வாழும் என்பது தெரியும். ஆகவே சிப்பியைப் பார்த்தால் கடலைச் சொல்லலாம். மேற்குக் கிடங்கின் அடியில் வந்த வெள்ளைக்கல்லில் காசு போலத் தட்டையான சிப்பிகள் நிறைய. சாதாழை என்கிற கடற்புல்லில் ஒட்டி வாழ்ந்தவை. வெயில் அடிவரை இறங்கும், இளஞ்சூடான, கழுத்தளவுக் கடல் ஒன்று உங்கள் வயலுக்குக் கீழே இருந்திருக்கிறது, அண்ணா! ஆனால் அது போய்க் கோடிக்கணக்கான வருடங்கள். மழை அதன் உப்பை எப்போதோ கழுவிவிட்டது. கிழக்குக் கிடங்கின் அடிக்களியில் உள்ள சிப்பிகளோ வேறு. இன்றைய கடற்கரையில் வாழ்பவை. அதாவது கடல் அங்கே நேற்று முந்தநாள் வந்து போயிருக்கிறது, களிக்குள் உப்பு இன்னும் நிற்கிறது. அங்கே கிணறு வெட்டினால் உவர்தான் வரும்.

கிழக்குப் பையில் கட்டிய கடதாசித் துண்டில் ‘அடி, நானே இறங்கி அள்ளியது’ என்று நீங்கள் எழுதியிருந்ததால் மறுயோசனை இல்லாமல் இஞ்சினியருக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன். என் பெயரில் போகிற முதல் அறிக்கை இது. மச்சாளிடம் சொல்லுங்கள், சந்தோசத்தில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

இப்படிக்கு
அன்புத் தங்கை
கமலாசனி


மருதவெளி,
24.7.1961

அன்புத் தங்கச்சி கமலாசனிக்கு அண்ணன் கனகலிங்கம் எழுதுவது.

அம்மாள் காவலில் இங்கு எல்லாரும் சுகம். உன் உடம்பைக் கவனித்துக்கொள். கொழும்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.

இஞ்சினியர் ஐயா உன் அறிக்கையை ஜீப்பின் பொனற்றில் விரித்துவைத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். குடியேற்றச் சங்கத்துச் செயலாளரின் தங்கை எழுதியது என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் வாய்க்கால் பெரியவர் வீரகத்தியண்ணை என் தோளைத் தட்டி, “உன்ரை தங்கச்சி கடலையே கட்டி இழுத்துப்போட்டாள் கனகு!” என்றார். கிணறு மேற்கு வாய்க்காலில் என்று முடிவாகிவிட்டது. எங்கள் வீட்டுப் படலை வாசலிலிருந்து கூப்பிடு தூரம். உன் மச்சாளுக்கு இனி அலைச்சல் இல்லை.

கிழக்கு வாய்க்கால் சனம் கொஞ்சம் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் எதற்குத்தான் முணுமுணுக்கவில்லை? விஞ்ஞானம் சொன்னதை நாங்கள் மாற்ற முடியுமா?

வடமராட்சியில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பொடியன் புகையிரதப் பகுதியில் கிளாக்கர். ஒரு படம் எடுத்து அனுப்பு. நுணுக்குக்காட்டியோடு எடுக்காதே.

அன்புள்ள அண்ணன்
க. கனகலிங்கம்


வெள்ளவத்தை,
19.9.1961

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். மச்சாளின் முதுகுவலி எப்படி? கிளாக்கர் மாப்பிள்ளைக்குப் படம் அனுப்பப் போவதில்லை. அவர் தன் ரயிலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு முக்கியமான விசயம். கடல் வன்னிக்குள் இவ்வளவு தூரம், இவ்வளவு அண்மையில் வந்ததற்கு இதுவரை யாரும் சாட்சி காட்டவில்லையாம். எங்கள் ஆய்வுகூடப் பகுதித் தலைவர் இதைக் கட்டுரையாக்கிப் பிரசுரிக்க வேண்டும் என்று துள்ளுகிறார். அவர் பெயருக்குப் பின்னால் என் பெயரும் வரும். அது வந்தால் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். கட்டுரைக்காகக் கிழக்குக் கிடங்குச் சிப்பிகளை ஒவ்வொன்றாக ஈரத் தூரிகை நுனியால் எடுத்து வைத்துப் படம் வரையத் தொடங்கினேன். வரையத் தொடங்கியதும்தான் பிழை கண்ணில் பட்டது.

களிக்குள் கிடந்த சிப்பிக்குக் களியின் நிறம் ஏறும். அதன் அறைகளுக்குள் களி புகுந்து அடைத்திருக்கும். இவற்றில் ஒன்றிலும் களி இல்லை. உள்ளே வெறுமை, வெளியே கண்ணாடிப் பளபளப்பு. அதோடு பொடிக்குள் கறுப்பு மணலும் சிவப்பு மணலும் கிடக்கின்றன. முல்லைத்தீவுக் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்காலைப் பொரிக்குமே, அந்தக் கறுப்பு மணல். அது உங்கள் கிழக்குக் கிடங்குப் பையில் மட்டும் எப்படி வந்தது?

ஆகவே கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுதுங்கள். நீங்கள் மண் அள்ளுமுன் கிடங்குக்குள் மேலிருந்து ஏதாவது விழுந்ததா? யாராவது கடல்மண் கொண்டுவந்தார்களா? பைக்குள் முன்பு வேறேதும் இருந்ததா? உடனே எழுதினால் நல்லது. கிணற்று வேலை தொடங்குமுன் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்புத் தங்கை
கமலாசனி


மருதவெளி,
2.11.1961

அன்புத் தங்கச்சிக்கு,

அனைவரும் நலம். நீயும் நலமாக இருக்க அம்மாளை வேண்டுகிறேன். மழை தொடங்கியதும் கை ஒழியாமல் போனதால் பதில் எழுதச் சுணங்கிவிட்டது, குறை நினைக்காதே.

கிணறு வெட்டி முடிந்தது. தண்ணீர் என்றால் தண்ணீர், இளநீர்தான். இஞ்சினியர் ஐயா ஒரு கிளாஸ் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார். சீமெந்துக் கட்டு, கப்பி, நல்ல கயிறு, புதிய வாளி. கயிறும் வாளியும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. நான் செயலாளர் அல்லவா. கிழக்கு வாய்க்கால் சனமும் வந்து எடுக்கிறார்கள். அதற்கு ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம்.

சிவப்பி எருமை கன்று போட்டிருக்கிறது. மூத்தவன் கணக்கில் முதலாவதாக வந்தான். உன் மச்சாளின் முதுகுவலி தேவலை. இந்த முறை நெல் கதிர் தள்ளும்போது வெள்ளம் வராமல் இருந்தால் போதும். வீரகத்தியண்ணை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

படம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, தைக்குள் ஒரு முடிவு சொல்.

அன்புள்ள அண்ணன்
கனகலிங்கம்


வெள்ளவத்தை,
15.11.1961

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிப்பது வழக்கம் என்பதால் விசாரிக்கிறேன். சுகம்தானே?

எருமை கன்று போட்டதை எழுதினீர்கள். வெள்ளத்தை எழுதினீர்கள். இஞ்சினியர் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்ததைக்கூட எழுதினீர்கள். நான் கேட்டது மூன்றே கேள்வி. ஒன்றுக்கும் பதில் இல்லை. என் கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. படம் அனுப்பமாட்டேன் என்றது அதே கடிதத்தில்தான் இருந்தது, அதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் வந்திருக்கிறது!

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, அண்ணா. என் அறிக்கையை வைத்து ஒரு ஊரின் தண்ணீரை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மாற்றியிருக்கிறார்கள். அது பிழையானால் பிழை என் கையெழுத்தில் நிற்கிறது. ஆகவே தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். கிழக்குக் கிடங்கில் மறுபடி இறங்கி, அடியில் அல்ல, பக்கச் சுவரின் நடுவில் கத்தியால் செதுக்கிக் கொஞ்சம் களி அனுப்புங்கள். மேலிருந்து எது விழுந்திருந்தாலும் சுவருக்குள் போயிருக்காது.

‘ஒழுங்கு’ என்று ஒரு சொல் எழுதியிருந்தீர்கள். பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க என்ன ஒழுங்கு? அதையும் எழுதுங்கள்.

கமலாசனி


மருதவெளி,
29.12.1961

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம்.

மாடு விழும் என்று கிழக்குக் கிடங்கை மூடிவிட்டோம். முடிந்துபோனதைக் கிண்டாதே. உன் அறிக்கையால் உனக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. கட்டுரை வரட்டும், பெயர் வரட்டும், வேலை நிரந்தரமாகட்டும். நல்லதாக நடந்ததைக் கெடுத்துக்கொள்ளப் படித்தவர்களுக்குத்தான் மனம் வரும்.

சம்பந்தக்காரர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

கனகலிங்கம்


மருதவெளி,
20.1.1962

அன்புள்ள மச்சாளுக்கு நேசமலர் எழுதிக்கொள்வது.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கிளிநொச்சி போகிற ஆளிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் புரட்டாதிக் கடிதத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். கடல்மண் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். பிறகு மடித்து அலுமாரியில் வைத்தார். “நடந்ததை எழுதுங்கோவன்” என்றேன். “நீ போய்க் குசினியிலை அடுப்பைப் பார்” என்றார். நீங்கள் பதிலுக்குக் காத்திருந்த காலமெல்லாம் நான் குசினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மச்சாள். இனி முடியாது.

நடந்தது இதுதான். கிழக்குக் கிடங்கை வெட்டியது கிழக்கு வாய்க்கால் ஆட்கள். அந்த வைகாசியில் அவர்கள் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனார்கள். அம்மாளுக்கு விளக்கெரிக்க முல்லைத்தீவில் கடல்தண்ணீர் எடுப்பார்களே, அந்தக் கரையில் அன்னபாக்கியம் என்கிற பெண் கொஞ்ச மண்ணைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள். கிடங்கு வெட்டி முடிந்த பின்னேரம் அதைக் கொண்டுவந்து நின்றாள். உங்கள் அண்ணா வரம்பில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“கமக்காரன், ஒரு சிரங்கை மண்தான். கடல் தண்ணியிலை விளக்கெரிய வைக்கிறவா, எங்கடை கிணத்துத் தண்ணியை நல்ல தண்ணியாக்க மாட்டாவோ?” என்று உங்கள் அண்ணாவிடம் கேட்டாள்.

அவர் சிரித்தார். “போடு, போடு. ஆர் மறிச்சது?” என்றார். அவள் அவிழ்த்துக் கொட்டினாள். அவளோடு வந்த பெண்கள் குரவையிட்டார்கள். அடுத்த நாள் காலையில் அவர் அதே அடியில் இறங்கி உங்களுக்கு மண் அள்ளினார். அப்போது அவருக்கு விளங்காது, அது உண்மை. உங்கள் புரட்டாதிக் கடிதம் வந்தபோது விளங்கிவிட்டது. அப்போது மேற்கில் ஒரு மண்வெட்டிகூட விழவில்லை.

ஒழுங்கைக் கேட்டீர்களாம். கிழக்கு வாய்க்கால் ஆட்கள் கயிற்றையும் வாளியையும் தொடக் கூடாது. கிணற்றுக் கட்டின்மேல் ஏறக் கூடாது. எங்களில் யாராவது அள்ளி அவர்கள் குடத்தில் ஊற்றும்வரை வெயிலில் நிற்க வேண்டும். அதுதான் ஒழுங்கு. யாழ்ப்பாணத்தில் இருந்து நாங்கள் காணி தேடி இங்கே வந்தபோது பெட்டி படுக்கையோடு சாதியையும் கட்டிக்கொண்டு வந்தோம். அன்னபாக்கியம் வயிற்றுப்பிள்ளையோடு நிற்கிறாள். அவளைக் கண்டும் எங்கள் பெண்கள் “இரு வாறன்” என்று சொல்லிவிட்டுப் போய் வரவே மாட்டார்கள். நின்று அலுத்தவர்கள் வாய்க்கால் தண்ணீரையே குடிக்கிறார்கள். அவளுடைய சின்ன மகள் வயிற்றோட்டம் வந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்து மயிரிழையில் தப்பினாள்.

நேற்று நான் அன்னபாக்கியத்திடம் போய் விசாரித்தேன். கிடங்கு வெட்டும்போது பாதி ஆழத்தில் வந்த களியை அவள் வீட்டுச் சுவருக்குப் பூச எடுத்திருக்கிறாள். கடல்மண் கொட்டுவதற்கு முன் எடுத்தது. பூசி மிஞ்சிய கட்டி ஒன்று பனையோலைப் பெட்டியில் கிடந்தது. அதைத்தான் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எதற்கு என்று அவள் கேட்டாள். நான் சொன்னேன். அவள் கட்டியை எடுத்துத் தந்தாள். பிறகு, “அப்ப நான்தானோ நாச்சியார் எங்கடை கிணத்தைக் கெடுத்தனான்?” என்றாள். நீங்கள் படித்தவர், நீங்கள் சொல்லுங்கள்.

அன்புள்ள மச்சாள்
நேசமலர்


வெள்ளவத்தை,
11.2.1962

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

கிழக்குக் கிடங்கின் களி எனக்குக் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று மச்சாளைக் குடையாதீர்கள். அவவுக்கு ஏதாவது நடந்தால் அதற்கும் என்னிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் களியைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். ஒரு கடற்சிப்பி இல்லை. ஒன்றுகூட இல்லை. உள்ளே இருந்தவை குளத்துப் பாசியின் விதைகள், முறுக்கு வரி ஓடும் சின்னஞ்சிறு மணிகள். இந்தப் பாசி நல்ல தண்ணீரில்தான் முளைக்கும். கிழக்கு வாய்க்கால் இருக்கும் இடம் ஒரு காலத்தில் குளமாக இருந்திருக்கிறது. கடல் அங்கே வரவே இல்லை, அண்ணா. வந்தது அன்னபாக்கியத்தின் சேலைத் தலைப்பில்.

நீங்கள் வரம்பில் நின்று பார்த்தீர்கள். சிரித்தீர்கள். புரட்டாதியில் நான் கடல்மண் என்று எழுதியபோதே உங்களுக்கு விளங்கிவிட்டது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதை எழுதாமல் வெட்டு முடியும்வரை காத்திருந்து, வெட்டியபின் எனக்கு இளநீர்க் கதை சொன்னீர்கள். எருமைக் கதை சொன்னீர்கள். நான் நுணுக்குக்காட்டியில் கண் வீங்கக் குந்தியிருந்தது, உங்கள் சாதிக்கு ஒரு கிணறு பிடித்துத் தரவா? பிழையான மண்ணைப் பார்த்து நான் சொன்ன பிழையை, விஞ்ஞானம் என்று பெயர் வைத்துத் தாகத்தில் நிற்கிறவர்களின் வாயை அடைத்தீர்களே, எப்படி ஐயா உங்களுக்கு அந்தத் தண்ணீர் தொண்டையால் இறங்குகிறது?

எனக்கும் பிழை உண்டு. பளபளப்பை முதல் நாளே பார்த்தேன், முதல் அறிக்கை என்ற அவசரத்தில் பறந்தேன். அதற்காக எனக்கு என்மேல் வருகிற கோபம் தனி. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கட்டுரையை நிறுத்தச் சொன்னேன். பகுதித் தலைவர் நிறுத்திவிட்டார். ஆனால் அறிக்கையை மீளப்பெற வேண்டும் என்றதும் அவருக்கு முகம் சிவந்தது. “கிணறு வெட்டியாகிவிட்டது, தண்ணீரும் நன்றாக இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார். உங்கள் கூடப்பிறந்தவர் போலவே பேசினார். நேற்று நான் இஞ்சினியருக்கு எழுதிவிட்டேன். அறிக்கை பிழை, கிழக்குக் களி நல்ல தண்ணீர்க் களி, அங்கே கிணறு வெட்டலாம், வெட்ட வேண்டும் என்று. கையெழுத்து என்னுடையதுதான். நிரந்தர வேலை இனி எனக்கு இல்லை என்பது இன்று காலை தலைவர் என்னைக் கடந்து போன விதத்திலேயே தெரிந்தது. போகட்டும்.

அன்னபாக்கியத்திடம் ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லமாட்டீர்கள், மச்சாள் சொல்லுவா. கிணற்றைக் கெடுத்தது அவள் இல்லை. அவள் சாமியிடம் தண்ணீர் கேட்டாள். மறைத்தது நீங்கள்.

கமலாசனி


மருதவெளி,
8.3.1962

கமலாசனிக்கு,

உன் கடிதம் கண்டேன். இனி எனக்குக் கடிதம் போடாதே.

உனக்குக் கொழும்பில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். யார் கை பட்டது, யார் வாளி பட்டது என்று நீ பார்க்கத் தேவையில்லை. நான் காட்டை வெட்டி, கரடியை விரட்டி, காய்ச்சலில் கிடந்து இந்த மண்ணைத் திருத்தினவன். கிழக்கில் கிணறு வந்திருந்தால் மேற்கு வாய்க்கால் முழுக்க அவர்கள் வாசலில் குடத்தோடு நிற்க வேண்டும். அவர்கள் அள்ளி எங்களுக்கு ஊற்ற வேண்டும். வீரகத்தியண்ணை அந்த நேரமே சொன்னார், அப்படி ஒரு நாள் வந்தால் குடியேற்றத்தை விட்டுப் போய்விடுவோம் என்று. என் பிள்ளைகளுக்கு நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நான் பொய் எழுதவில்லை. நீ கேட்டதற்கு எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

உன்னைப் படிப்பிக்க நான் பட்டபாடு எனக்குத் தெரியும். அதற்கு நீ தந்த கைமாறு, அண்ணனைப் பொய்யன் என்று அரசாங்கத்துக்கு எழுதியது. எனக்குத் தங்கச்சி இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். நேசமலர் இனி எழுதமாட்டாள்.

க. கனகலிங்கம்


வெள்ளவத்தை,
2.4.1962

அண்ணாவுக்கு,

கடிதம் போடாதே என்றீர்கள். போடுகிறேன்.

இஞ்சினியரின் பதில் வந்துவிட்டது. கிணறு ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டதாம், மருதவெளிக்கு இன்னொரு கிணற்றுக்கு இடமில்லையாம், என் நேர்மையைப் பாராட்டுகிறாராம். நேர்மையைக் குடத்தில் ஊற்றிக் குடிக்க முடியுமா என்று திருப்பி எழுத நினைத்தேன். எழுதியும்விட்டேன். உங்களை நான் அரசாங்கத்துக்குப் பொய்யன் என்று எழுதவில்லை. என் பிழை என்றுதான் எழுதினேன். உங்கள் பெயர் அந்தக் கடிதத்தில் இல்லை. அது உங்களுக்காக அல்ல, மச்சாள் அந்த வீட்டில் இருக்கிறா என்பதற்காக.

ஆகவே மருதவெளியில் இருப்பது ஒரு கிணறு. அது என் பிழையால் அங்கே இருக்கிறது. அதில் எனக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். சித்திரைக் கடைசியில் நான் வருகிறேன். உங்கள் வீட்டுக்கு அல்ல. கிழக்கு வாய்க்காலில் இறங்கி அன்னபாக்கியம் வீட்டில் தங்குவேன், அவள் இடம் தந்தால். மறுநாள் காலை அவளோடு கிணற்றுக்கு வருவேன். வாளியை அவள் தன் கையால் இறக்குவாள். நீங்கள் மறிக்க வேண்டுமென்றால் சனம் எல்லாம் பார்க்க வந்து என்னை மறியுங்கள். எனக்கு உங்கள்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. அதைச் சொல்ல எனக்கு அழுகை வருகிறது, அந்த அழுகையிலும் கோபம்தான் வருகிறது.

கமலாசனி


மருதவெளி,
20.4.1962

அன்புள்ள மச்சாள் கமலாசனிக்கு நேசமலர்.

உங்கள் கடிதத்தை நான்தான் முதலில் உடைத்து வாசித்தேன். நீங்கள் வாங்கோ, கட்டாயம் வாங்கோ. ஆனால் நீங்கள் வரும்வரை நான் காத்திருக்கவில்லை.

சித்திரை வருசப்பிறப்புக்கு மறுநாள் காலை கயிற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கிழக்கு வாய்க்கால் பெண்கள் வழக்கம்போல வெயிலில் நின்றார்கள். அன்னபாக்கியம் பிறந்து மாதம் ஆகாத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் கயிற்றை அவளிடம் நீட்டினேன்.

அவள் பின்னுக்கு நகர்ந்தாள். “வேண்டாம் நாச்சியார். எங்கடை வீட்டைக் கொளுத்துவினம்.”

“நாச்சியார் எண்டு சொல்லாதை. குழந்தையை என்னட்டைத் தா. பிடி கயித்தை.”

அவள் கயிற்றைப் பிடித்தாள், மச்சாள். வாளி கிணற்றுக் கட்டோடு இடித்து இடித்து இறங்கியது. மேலே வந்தபோது பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. அவள் அந்தப் பாதியைத் தன் குடத்தில் தானே ஊற்றினாள். பிறகு மற்றப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எங்கள் பெண்கள் கத்திக்கொண்டு போய் ஆம்பிளைகளைக் கூட்டிவந்தார்கள். வீரகத்தியண்ணை தடியோடு வந்தார். நான் அன்னபாக்கியத்தின் குழந்தையோடு கட்டின்மேல் ஏறி நின்றேன். “அடியுங்கோ. செயலாளற்றை பெண்சாதியை அடியுங்கோ பாப்பம்” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவர் தடியைக் கீழே போடவில்லை, ஆனால் ஓங்கவும் இல்லை. உங்கள் அண்ணா படலையில் நின்றார். வரவும் இல்லை, போகவும் இல்லை.

இப்போது மேற்கு வாய்க்காலில் ஒருவரும் அந்தக் கிணற்றில் அள்ளுவதில்லை. கிணறு பழுதாய்ப் போச்சாம். எல்லாரும் வாய்க்கால் தண்ணீர் குடிக்கிறார்கள். இவ்வளவு காலம் யாரைக் குடிக்கவிட்டார்களோ, அதே தண்ணீர். கிழக்குப் பெண்கள் அவ்வளவு தூரம் நடந்து வந்து தாங்களே அள்ளிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் வாசலில் வந்திருக்க வேண்டிய கிணறு வரவில்லைத்தான். உங்கள் கோபத்தை விடாதீர்கள், அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. இஞ்சினியருக்கு மறுபடி எழுதுங்கள்.

உங்கள் அண்ணா என்னோடு பேசுவதில்லை. நான் கிணற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன். எடுத்து முற்றத்தில் ஊற்றினார். நான் மறுபடி கொண்டுவந்து வைத்தேன். மறுபடி ஊற்றினார். இன்று மத்தியானம் மூன்றாவது செம்பு வைத்திருக்கிறேன். வாய்க்கால் தண்ணீர் இருந்த குடத்தை நானே கவிழ்த்துவிட்டேன். இந்த வீட்டில் இனி வேறு தண்ணீர் இல்லை.

உங்கள் மச்சாள்
நேசமலர்